எழுபத்து மூன்று முதலைகள்

முதலைகள் பெருக வேண்டுமானால் முட்டை வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் இன்னும் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அது பழைய முறை. இயற்கை வேறு வழி தெரியாமல் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது. முட்டை இல்லாமல், காவல் இல்லாமல், ஒரு குட்டிகூட வெளியே வராமல், ஒரே ஒரு முதலையை எழுபத்து மூன்று முதலைகளாகப் பெருக்கிக் காட்டிய பெருமை உலகத்திலேயே எங்கள் வனத்துறைக்கு மட்டும்தான் உண்டு. அந்தத் துறையில் அரசு வனவிலங்கு உயிரியலாளராகப் பணியாற்றும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. தற்பெருமைக்காக இதை எழுதவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பு மேலிடத்தில் இருக்கிறது என்பதற்காகவும் எழுதவில்லை. வருங்காலம் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நடுவில் ஓடுகிறது. இந்தப் பக்கம் இருப்பது இக்கரைக் கோட்டம். அந்தப் பக்கம் இருப்பது அக்கரைக் கோட்டம். இரண்டுக்கும் தனித்தனிக் கோட்ட அலுவலர், தனித்தனி ஜீப், தனித்தனி ஆண்டு இலக்கு. எங்கள் அலுவலரை எல்லோரும் இக்கரை ஐயா என்றும், அவர்களுடையவரை அக்கரை ஐயா என்றும் அழைப்பது வழக்கம். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மேலே காலியாகப் போவது ஒரே நாற்காலி. ஆகவே எங்கே சந்தித்தாலும் இருவரும் கட்டித் தழுவிக்கொள்வார்கள்.

ஆற்றில் ஒரு பெண் முதலை இருந்தாள். பெரிய உடம்பு, வால் நுனியில் ஒரு முழம் இல்லை. எப்போதோ ஒரு படகுக்காரனின் இயந்திரத்தில் சிக்கிப் போனது. ஊழியர்கள் அவளை மரியாதையாக 'அக்கா' என்று கூப்பிட்டார்கள். ஓர் ஆண் முதலையும் உண்டு. அணைக்கட்டுப் பக்கம் எங்கேயோ குடியிருப்பு. கோடை தொடங்கும்போது வருவான், சில நாள் தங்குவான், போய்விடுவான். அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டு என் மாமியார் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை யார் கண்ணிலும் படாதவன், எந்தப் படித்துறைப் பக்கமும் போகாதவன், அவன்மேல் புகாரே வந்ததில்லை. புகார் இல்லாத விலங்கைப் பிடிக்க முடியாது. பிடிக்காததை எண்ண முடியாது. எனவே அதிகாரப்பூர்வமாக அவன் இல்லை.

அக்கா அப்படி இல்லை. வெயில் காய்வதற்கு ஊர்ப் படித்துறைதான் அவளுக்கு வசதி. யாராவது துணி துவைக்க வந்து பார்த்துவிட்டு அலறுவார்கள். உடனே எங்களுக்குத் தொலைபேசி வரும். ஜீப், கயிறு, ஈரச் சாக்கு, வாயைக் கட்ட அகலமான டேப், புகைப்படக்காரர் எல்லாம் கிளம்பிப் போவோம். புகைப்படம் இல்லாத மீட்பு மீட்பாகாது. ஈரச் சாக்கைக் கண்மேல் போட்டதும் அக்கா அடங்கிவிடுவாள். போகப் போக அவளுக்குப் பழகிவிட்டது. ஜீப் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்வாள். இக்கரை ஐயா வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொள்வார். வால் குறைவாக இருப்பது படத்தில் தெரியாதபடி அவர் கை மறைக்கும்.

பிடித்த விலங்கைப் 'பிரச்சினைப் பகுதிக்கு வெளியே, பொருத்தமான வாழிடத்தில்' விட வேண்டும் என்று விதி. எங்களுக்கு வெளியே என்றால் அக்கரை. பாலத்தைத் தாண்டிப் போய் விட்டுவிட்டு வருவோம். அக்கா அக்கரைப் படித்துறையில் வெயில் காய்வாள். அங்கே யாராவது அலறுவார்கள். அவர்கள் ஜீப்பில் வந்து பிடித்து, படம் எடுத்து, பாலத்தைத் தாண்டி இக்கரையில் விட்டுவிட்டுப் போவார்கள்.

ஒவ்வொரு கோட்டமும் தான் பிடித்த முதலைக்குத் தன் நிறத்தில் ஓர் அடையாள வில்லை மாட்டும். எங்களுடையது மஞ்சள், அவர்களுடையது நீலம். மற்றக் கோட்டத்து வில்லை எங்களிடம் செல்லாது. ஆகவே அவளைப் பிடித்ததும் நீலத்தைக் கழற்றிவிட்டு மஞ்சளை மாட்டி, 'புதுவரவு' என்று பதிவோம். அவர்கள் மஞ்சளைக் கழற்றிவிட்டு நீலம் மாட்டுவார்கள். தலைமையகத்துப் புள்ளிவிவர எழுத்தர் மிகவும் நேர்மையானவர். பிடித்ததையும் கூட்டினார், விட்டதையும் கூட்டினார், இரு கோட்டத்தையும் கூட்டினார். செத்தால்தான் கழிக்க வேண்டும். எதுவும் சாகவில்லை. இப்படியே சில ஆண்டுகளில் எழுபத்து மூன்றைத் தொட்டோம்.

இவ்வளவு அருமையான ஏற்பாட்டுக்கு ஒரே ஓர் இடைஞ்சல் இருந்தது. அக்கரைக் கோட்டத்தின் உயிரியலாளர். அவள் என் மனைவி.

எங்கள் வீடு இக்கரையில். அவள் தினமும் காலையில் ஸ்கூட்டரில் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போவாள். இரண்டு கோட்டங்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கூடாது, எல்லாம் தலைமையகம் வழியாகவே போக வேண்டும் என்பது துறையின் கண்டிப்பான விதி. ஆகவே நாங்கள் வீட்டில் முதலையைப் பற்றிப் பேசுவது விதிமீறல். நான் முடிந்தவரை விதியைக் காப்பாற்றினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மீறினாள்.

"உங்க ஆளுங்க நேத்து அக்காவைக் கொண்டாந்து எங்க பக்கம் விட்டுட்டுப் போயிருக்காங்க."

"விட்டது எங்க ஆளுங்கதான். ஆனா அது அக்காதான்னு எப்படிச் சொல்றே?"

"வாலைப் பாத்தேன்."

"வால் இல்லாததைத்தானே பாத்தே? இல்லாததை ஆதாரமா வெக்க முடியாதும்மா."

அவள் வெங்காயத்தை நறுக்கிய வேகம் கூடியது. நான் கூடத்துக்குப் போய்விட்டேன்.

இந்த இடத்தில் என் ஆராய்ச்சியையும் குறிப்பிட வேண்டும். இந்த ஆறு அதிகபட்சம் நாற்பது முதலைகளைத் தாங்கும் என்று கட்டுரை எழுதியவன் நான்தான். துறையில் அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நாற்பது எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் வீட்டில் இருந்தாள், அவளிடம் நான் கட்டுரையைக் காட்டவில்லை.

சென்ற கோடையில் ஒரு மாலை அவள் கைகால் முழுக்க மணலோடு வீட்டுக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

"ஏங்க, நடுத் திட்டுல குழி பறிச்சு முட்டை வெச்சுட்டா. மேலே மணலை மூடிட்டுப் பக்கத்துலயே படுத்திருக்கா."

நடுத் திட்டு என்பது ஆற்றின் நடுவில் இருக்கும் மணல்மேடு. இரண்டு கோட்டத்துக்கும் பொது.

"சந்தோஷம்," என்றேன்.

"வருஷா வருஷம் இவ முட்டை வெக்கற நேரமாப் பாத்து ஒண்ணு நீங்க தூக்கறீங்க, இல்லேன்னா நாங்க தூக்கறோம். காவலுக்கு ஆள் இல்லாம உடும்பு வந்து தின்னுட்டுப் போயிடுது. இந்த ஒரு வருஷம் ரெண்டு மாசம் மட்டும் அவளைத் தொடாம இருங்க. நான் எங்க ஐயாகிட்ட எப்படியோ பேசி நிறுத்தறேன். நீங்க உங்க பக்கம் பாத்துக்குங்க."

"இந்தக் காலாண்டுல எங்களுக்கு இலக்குல ரெண்டு குறையுதும்மா."

"அவளைப் பிடிச்சா ஒண்ணுதானே?"

"பிடிச்சா ஒண்ணு, விட்டா ஒண்ணு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு கணவனை அப்படிப் பார்க்கக் கூடாது. விலங்கைக் கவனிக்கும் பார்வை அது. கடைசியில் நான், "சரி, பாத்துக்கறேன். ரெண்டு மாசம் யாரும் தொட மாட்டாங்க," என்று வாக்குக் கொடுத்தேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு இரண்டாவது முறையும் கேட்டுப் போட்டாள்.

வாக்கை நான் காப்பாற்றவே செய்தேன். ஒரு வாரம் வரை. பிறகு தலைமையகத்தில் ஆண்டு ஆய்வுக் கூட்டம் வந்தது.

கூட்ட அறையில் நீள மேஜை, குளிர்சாதனம், ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி, தட்டில் பிஸ்கட். பிஸ்கட்டை யாரும் முதலில் எடுக்க மாட்டார்கள். தலைமை வனப் பாதுகாவலர் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்கலாம். அன்று அவருக்கு வயிறு சரியில்லை. ஆகவே எல்லோரும் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

திரையில் '73' என்ற எண் தோன்றியது. கைதட்டல் எழுந்தது. இக்கரை ஐயாவும் அக்கரை ஐயாவும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். பெண்கள் வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள்.

"ஐயா, ஆத்துல இருக்கறது ஒண்ணு."

"ஒண்ணுன்னா? என்ன ஒண்ணு?" என்றார் தலைமை.

"ஒரு முதலை ஐயா. பொண்ணு. ஆம்பளை ஒண்ணு வந்து வந்து போகுது, அதை யாரும் எண்ணலை. பொண்ணைத்தான் எல்லாரும் மாத்தி மாத்தி எண்ணிக்கிட்டிருக்கோம்."

"எண்ணாதது இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"கண்ணால பாத்தேன் ஐயா."

தலைமை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதாவது, நாம எண்ணினது எல்லாம் இல்லைங்கறீங்க. எண்ணாதது மட்டும் இருக்குங்கறீங்க."

அறை முழுதும் சிரித்தது. தலைமையின் நகைச்சுவைக்குச் சிரிப்பது பணி விதிகளில் இல்லை, ஆனாலும் எங்கள் துறையில் யாரும் அதை ஒரு சுமையாக நினைப்பதில்லை. என் மனைவி உட்காரவில்லை.

"இப்ப அது முட்டை வெச்சிருக்கு ஐயா. அது மட்டும் பொரிச்சா நெஜமாவே ஒரு இருபது முப்பது வரும். நம்ம துறைக்குத்தான் பெருமை."

"எழுபத்து மூணு இருக்கறப்ப இருபது எதுக்கும்மா?" என்றார் தலைமை. அது நியாயமான கேள்வி. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "இக்கரை உயிரியலாளர் என்ன சொல்றார்? நீங்களும் அதே ஆறுதானே?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அவளும் திரும்பினாள். நான் எழுந்து, தொண்டையைச் செருமி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, விஞ்ஞானத்துக்கு என்னால் இயன்ற தொண்டைச் செய்தேன்.

"ரெண்டு தரப்புலயும் உண்மை இருக்கு ஐயா. ஒண்ணுக்கும் எழுபத்து மூணுக்கும் நடுவுல எங்கேயோதான் சரியான எண் இருக்கணும். மேலும் ஆய்வு தேவை."

தலைமை தலையாட்டினார். "பாருங்க, இதுதான் சமநிலைப் பார்வை," என்றார். இப்படி ஒரு சொல்லால் நான் கூட்டத்தையும் காப்பாற்றி, துறையின் மானத்தையும் காப்பாற்றினேன். அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. என் கட்டுரையை யாரோ எடுத்து நீட்டினார்கள். ஆறு தாங்குவது நாற்பது, இருப்பது எழுபத்து மூன்று, ஆக முப்பத்து மூன்று முதலைகள் 'உபரி' என்று புள்ளிவிவர எழுத்தர் அங்கேயே கணக்குப் போட்டுச் சொன்னார். முதலை இனம் மீட்கப்பட்டுவிட்டதாகத் தலைமை அறிவித்தார். மீட்கப்பட்ட இனத்துக்குப் பாதுகாக்கப்பட்ட ஆறு எதற்கு? மணல் எடுக்க வேறொரு துறை வெகு காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நடுத் திட்டு அவர்களுக்கு என்று முடிவாயிற்று. இந்தச் சாதனையின் நினைவாக 'முதலைப் பாதுகாப்பு மாளிகை' ஒன்று கட்டுவது என்றும் தீர்மானம் நிறைவேறியது. உபரி முப்பத்து மூன்றையும் உடனே பிடித்துத் தூரத்தில் உள்ள முதலை இனப்பெருக்க மையத்துக்கு அனுப்ப வேண்டும். முதலைகள் அருகிவிட்டன என்பதற்காகத் தொடங்கப்பட்ட மையம் அது.

திரும்பும்போது ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினாள்.

"மேலும் ஆய்வு தேவையா?"

"அறிவியல்ல அது எப்பவுமே தேவைதானேம்மா."

"இறங்குங்க."

இறங்கினேன். மீதி வழியை நடந்தே கடந்தேன்.

உபரி பிடிக்கும் நாள் வந்தது. வரலாற்றில் முதன்முறையாக இரண்டு கோட்டங்களும் ஒரே நேரத்தில் ஆற்றில் இறங்கின. இரண்டு படகுகள், இரண்டு புகைப்படக்காரர்கள். எங்கள் படகில் நானும் இக்கரை ஐயாவும் இருந்தோம். நடுத் திட்டை நெருங்கியபோது அங்கே ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே மடக்கு நாற்காலி. நாற்காலியில் என் மனைவி. அவளுக்குக் கொஞ்ச தூரத்தில் வாயைப் பிளந்தபடி அக்கா. இரண்டு பேருக்கும் நடுவில், முட்டைக் குழியைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது. அக்கா அவளை ஒன்றும் செய்யவில்லை.

"மேடம், எந்திரிங்க. அரசுப் பணியைத் தடுக்கறீங்க," என்றார் இக்கரை ஐயா படகில் இருந்தபடியே.

"நான் இன்னிக்கு லீவு ஐயா. தனிப்பட்ட முறையில உக்காந்திருக்கேன்."

"லீவு நான் குடுக்கலையே," என்றார் அக்கரை ஐயா மற்றப் படகிலிருந்து.

"தலைமையகம் வழியாக் கேட்டிருக்கேன். வந்துக்கிட்டிருக்கும்."

இரண்டு ஐயாக்களும் படகுகளை ஒட்டிக்கொண்டு ஆலோசித்தார்கள். அக்காவைப் பிடித்த நாட்களில் திட்டு எங்களுடையது என்று இரு கோட்டமும் உரிமை கொண்டாடியது உண்டு. அன்று நிலைமை வேறு. திட்டில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருக்கிறாள், யார் தூக்கினாலும் விசாரணை வரும்.

"பெரும்பகுதி உங்க பக்கம்தான் இருக்கு," என்றார் இக்கரை ஐயா.

"இல்லைங்க, மணல் வருஷா வருஷம் உங்க பக்கம் நகருது," என்றார் அக்கரை ஐயா.

இப்படிக் கொஞ்ச நேரம் ஒருவருக்கொருவர் திட்டைத் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள். பிறகு இக்கரை ஐயா என்னைப் பார்த்தார். "விஞ்ஞானி, உங்க வீட்டுக்காரம்மாதானே. போய்ச் சொல்லுங்க."

நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பழக்கம்.

"எந்திரிம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எத்தனை முதலைன்னு சேர்த்துப் பாக்கட்டும்."

"மையத்துல நல்லாக் கவனிச்சுப்பாங்க. மூணு வேளை மீன் போடுவாங்க."

"முட்டையை யார் கவனிச்சுப்பா? பொரிக்கற நாள்ல குட்டிங்க உள்ளேயிருந்து கத்தும். அம்மா கேட்டு வந்து தோண்டினாத்தான் வெளியே வர முடியும். நீங்க வந்து தோண்டுவீங்களா?"

என் பணிப் பொறுப்புகளில் தோண்டுதல் இல்லை. அதை அந்த நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று எனக்கே தோன்றியது.

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் படகில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. "இந்த ஆத்துல எத்தனை முதலை இருக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். இக்கரை ஐயா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரை ஐயாவும். புகைப்படக்காரர்கள் இருவரும் கருவியை இறக்கிவிட்டு நின்றார்கள். என் பதவி உயர்வுக் கோப்பு என்னைப் பார்ப்பதாகவும் எனக்கு ஓர் உணர்வு.

"அதிகாரப்பூர்வமா எழுபத்து மூணு," என்றேன்.

அவள் குடையை மடக்கினாள், நாற்காலியை மடக்கினாள், எழுந்தாள். யாரும் அவளைத் தொட வேண்டியிருக்கவில்லை. அக்காவையும் பெரிதாகச் சிரமப்பட்டுப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஈரச் சாக்கு, டேப், புகைப்படம். உபரியில் ஒன்று முடிந்தது.

மீதி முப்பத்து இரண்டைத் தேடிச் சில நாட்கள் ஆற்றில் அலைந்தோம். ஒரு லாரி டயரைப் பிடித்தோம். ஊறிய பனங்கட்டை ஒன்றுக்கு மஞ்சள் வில்லை மாட்டும் வரை போனார்கள், கடைசி நேரத்தில் நான் தடுத்தேன். ஒரு மாலை மாப்பிள்ளையே எங்கள் படகுக்குப் பக்கத்தில் தலை தூக்கினான். அக்காவைத் தேடி வந்திருப்பான் போலிருக்கிறது. எழுபத்து மூன்றில் இல்லாத விலங்கைப் பிடிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லையாதலால் அவனை விட்டுவிட்டோம். 'எஞ்சிய முதலைகள் கூச்ச சுபாவம் கொண்டவை' என்று நான் அறிக்கை கொடுத்தேன். தலைமைக்கு அது மிகவும் பிடித்தது.

இதற்குள் என் மனைவி விஷயத்திலும் துறை மிகுந்த அக்கறை எடுத்துக்கொண்டது. பிரச்சினை செய்யும் விலங்கை ஒருபோதும் துன்புறுத்துவதில்லை, தூரத்தில் பொருத்தமான வாழிடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று முன்பே சொன்னேன். அவளுக்கும் அதே மனிதாபிமானம் காட்டப்பட்டது. பேருந்தில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய ஒரு மலைக் கோட்டத்துக்கு மாற்றல். அங்கே முதலையும் இல்லை, ஆறும் இல்லை. பிரிவு உபசாரத்தில் இரண்டு ஐயாக்களும் பேசினார்கள், கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த வகைக் கண்ணீருக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. அந்த அப்பாவி இனத்தை இதில் இழுக்க எனக்கு மனமில்லை.

பேருந்து நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவள் ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"கயிறு கட்டியிருக்கற அந்த மூலையில மட்டும் மணல் எடுக்க வேண்டாம்னு ஒரு கடுதாசி எழுதுங்க. பொரிக்கற நேரம் வந்ததும் ஒரு நாள் போய்க் காதை வெச்சுக் கேளுங்க. சத்தம் கேட்டா கையால தோண்டிவிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"எழுதறேன். போறேன்," என்றேன்.

எழுதினேன். அன்றைக்கே எழுதினேன். எல்லோரும் என்னைக் குறை சொல்கிறார்கள், அதனால் இதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் திட்டு இரண்டு கோட்டத்துக்கும் பொது. ஆகவே அது சம்பந்தமான கடிதத்தில் இரண்டு உயிரியலாளர்களும் கையெழுத்திட வேண்டும். அக்கரை உயிரியலாளர் பதவி அப்போது காலியாக இருந்தது. கடிதம், 'அக்கரை உயிரியலாளரின் கையொப்பம் பெற்று மீண்டும் அனுப்புக' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பதவியை நிரப்பக் கோரித் தலைமையகத்துக்கு எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது. இதற்கு நடுவில் மணல் லாரிகளுக்குப் பாதை போட்டுவிட்டார்கள். திட்டுக்குப் போக அந்தத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். அதற்கும் எழுதினேன்.

முதலைப் பாதுகாப்பு மாளிகை இரவு பகலாக நடந்த வேலையில் சில வாரங்களிலேயே எழும்பியது. முன்பக்கம் தூண்கள், நடுவில் பெரிய கூடம், கூடத்தில் கண்ணாடிப் பெட்டி வைக்க மேடை. பூச்சு வேலை நடந்த ஒரு பகலில் இரண்டு ஐயாக்களும் பார்வையிட வந்தார்கள். நானும் கூட இருந்தேன். கொத்தனார் சல்லடையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"சார், இன்னிக்கு வந்த லோடுல ஓடு ஓடா வருது. பூச்சுக்கு ஆகாது. என்னன்னு பாருங்க."

"என்ன விஞ்ஞானி, சிப்பியா?" என்றார் இக்கரை ஐயா.

நான் குனிந்து பார்த்தேன். சிப்பி இல்லை. வெள்ளையாக, தடித்த ஓடு. மணல் குவியலில் கையை விட்டேன். இன்னும் வந்தது. சிலது நசுங்கியிருந்தது, சிலது முழுசாகவே இருந்தது. ஒன்று பாதி பிளந்து, உள்ளே வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு குட்டி இருந்தது. மூக்கு நுனியில் ஓட்டை உடைப்பதற்கான சின்ன முள் முளைத்திருந்தது. அந்த முள் பொரிக்கும் நாள் நெருங்கும்போதுதான் வரும். கைக்குட்டையை எடுத்து அதன் முகத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தேன். துறை சார்ந்த ஒரு கட்டுரையில் இதை எழுதக் கூடாதுதான்.

"முட்டை ஐயா," என்றேன்.

இருவரும் மணல் குவியலை எட்டிப் பார்த்தார்கள். பிறகு இக்கரை ஐயா, "இதைக் கணக்குல சேக்கணுமா?" என்று கேட்டார்.

"சேத்தா எந்தக் கோட்டத்துக் கணக்குல?" என்றார் அக்கரை ஐயா.

"திட்டு பொது. ஆளுக்குப் பாதியா வெச்சுக்கலாம்."

"இறப்புன்னு வந்தா கழிக்கணும் சார். கழிச்சா ரெண்டு பேருக்கும்தான் நஷ்டம்."

அவர்கள் பேசிக்கொண்டே தூண்களைப் பார்க்கப் போனார்கள். நான் மணலில் உட்கார்ந்தேன். கொத்தனார் ஒரு காலிச் சிமெண்டுச் சாக்கை விரித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்தேன். உடைந்ததை ஓட்டோடு ஓடு பொருத்திப் பார்த்து, எது எதனுடையது என்று பிரித்தேன். வெயில் சாய்ந்து, வேலையாட்கள் கை கழுவிக்கொண்டு போன பிறகும் அங்கேதான் இருந்தேன். பிறகு என் மனைவிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மாற்றலுக்குப் பிறகு நான் அவளைக் கூப்பிட்டதில்லை, என்ன சொல்வது என்று தெரியாததால்.

"முட்டை கிடைச்சுது," என்றேன்.

"எங்கே?"

"மாளிகை கட்டற மணல்ல."



"எத்தனை?" என்றாள்.

"இருபத்தாறு."

"உடைஞ்சதெல்லாம் சேத்தா?"

"சேத்துத்தான். எதையும் ரெண்டு தடவை எண்ணலைம்மா. ஓட்டை ஒட்ட வெச்சுப் பாத்தேன்."

இத்தனை ஆண்டுப் பணியில் தலைமையின் பாராட்டுக் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. என் மனைவி ஒரு முறைகூட என் வேலையைப் பாராட்டியதில்லை. அன்றுதான் பாராட்டினாள்.

"நல்லா எண்ணியிருக்கீங்க," என்றாள். "இப்பதான் முதல் தடவையா சரியா எண்ணியிருக்கீங்க. செத்தது அசையாது பாருங்க, உங்களுக்கு அதான் வசதி."